பூட்டி வைத்த பிசியா, நாமே பூட்டுவதா?

2025 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கும் என் மருமகனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு கேமிங் பிசியின், அதாவது கேம் விளையாடும் மேசைக் கணினியின், படம் வந்தது. கறுப்புக் கேசிங், முன்பக்கம் மூன்று விசிறி, உள்ளே வானவில் நிறத்தில் வெளிச்சம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஐ5 12ஆம் தலைமுறை, ஆர்டிஎக்ஸ் 4060 8ஜிபி, ரேம் 16ஜிபி, எஸ்எஸ்டி 512ஜிபி, விலை 285,000 ரூபா. அதற்குப் பின்னால் அவனுடைய குரல்: "மாமா, இது எடுக்கலாமோ? நாளைக்குள்ள முடிவு சொல்லச் சொல்லி அப்பா சொன்னவர்."

இந்தக் கேள்வி எனக்கு மாதம் ஒன்றிரண்டு தடவை வரும். உயர்தரப் பரீட்சை முடிந்த பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து வரும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ காசு அனுப்பப் போகும் சித்தப்பாவிடமிருந்து வரும். கடையில் பூட்டி வைத்த, அதாவது சாமான்களைப் பொருத்தி முழுதாக்கி விற்கும், பிசியை எடுப்பதா, சாமான் வாங்கி நாமே பூட்டுவதா? முன்பெல்லாம் யோசிக்காமல் "பூட்டுங்கோ, காசு மிச்சம்" என்று சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. எவ்வளவு மிச்சம், எந்தச் சாமானில் மிச்சம், அந்த மிச்சத்துக்காக எதைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று பார்க்காமல் எந்தப் பக்கமும் பேச முடியாது. அந்தப் பிசிக்கு நாங்கள் பார்த்த கணக்கை அப்படியே தருகிறேன். விலைகள் அந்தக் கிழமைக்கு உரியவை, இன்றைக்குப் பொருந்தாது. கணக்குப் பார்த்த விதத்தைக் கவனியுங்கள்.

ஒரு தாளில் இரண்டு கணக்கு

சனிக்கிழமை காலை நானும் அவனும் ஒரு கொப்பித் தாளோடு இருந்தோம். விளம்பரத்தில் உள்ள அதே பெயர்களைத் தனித்தனியாக வாங்கினால் என்ன வரும் என்று யாழ்ப்பாணத்தில் இரண்டு கடையிலும், கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் இரண்டு கடையிலும் போனில் கேட்டு எழுதினோம். கணக்கு வேலையெல்லாம் செய்யும் ஐ5-12400எஃப் பிராசஸர் 42,000. எல்லாச் சாமானும் செருகும் பலகையான எச்610 மதர்போர்ட் 27,000. ஓடும்போது தேவைப்படும் நினைவகமான டிடிஆர்4 ரேம், 8ஜிபி இரண்டு துண்டு, 16,000. கேமும் கோப்பும் சேமிக்கும் எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்ஈ வகையில் 512ஜிபி, 13,000. திரைக்குப் படம் வரையும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட் 124,000. 550 வோட்ஸ் பிரான்ஸ் பவர் சப்ளை 19,000. விசிறிகளோடு கேசிங் 16,000. கூட்டினால் 257,000. வித்தியாசம் 28,000 ரூபா, கடையின் விலையில் பத்து வீதத்துக்குச் சற்றுக் குறைவு.

விலை கேட்கும்போதே இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வற் வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா? 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், 257,000 ரூபாவில் 46,000 ரூபாவுக்கு மேல் வரும். அடுத்தது, கையில் காசு கொடுத்தால் ஒரு விலை, வங்கிக் கார்டைத் தேய்த்தால் இன்னொரு விலை என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு. ஒரு பக்கம் வற் சேர்த்ததும் மறுபக்கம் சேர்க்காததும் என்று ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

பத்து வீதத்தைப் பார்த்ததும் மருமகனின் அப்பாவான அத்தானுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கடைக்காரர் பூட்டி, விண்டோஸ் போட்டு, ஓட்டிப் பார்த்துத் தருகிறார், அவருக்கும் கடை வாடகை இருக்கிறதே என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நாங்கள் கூட்டியது நாங்கள் விரும்பும் சாமான்களின் விலை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது எந்தச் சாமான் என்று இன்னும் தெரியாது.

அதனால் கடைக்கு ஐந்து கேள்வி அனுப்பினோம். மதர்போர்டின் முழு மொடல் என்ன? ரேம் ஒரு துண்டா, இரண்டா? எஸ்எஸ்டி சாட்டாவா, என்விஎம்ஈயா? கிராபிக்ஸ் கார்ட் எந்தக் கம்பனி, எந்த மொடல்? பவர் சப்ளையின் பெயர் என்ன? இதைப் போனில் கேட்காமல் எழுத்தில் கேட்பது நல்லது, பிறகு ஒரு பிசகு வந்தால் காட்ட ஏதாவது கையில் இருக்கும். மத்தியானம் பதில் வந்தது. போர்ட் எச்610. ரேம் 16ஜிபி ஒரே துண்டு. எஸ்எஸ்டி சாட்டா. கார்ட் இரண்டு விசிறி வைத்த 4060, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பவர் சப்ளைக்கு வந்த பதில்: "500 வோட்ஸ் கேமிங், கேசிங்கோட வாறது."

மறுபடி கூட்டினோம். ஒற்றைத் துண்டு ரேம் 14,000, சாட்டா எஸ்எஸ்டி 11,000, அந்த மாதிரிக் கேசிங்கும் அதோடு வரும் பவர் சப்ளையும் சேர்த்து 22,000. மொத்தம் 240,000. இப்போது வித்தியாசம் 45,000.

28,000க்கும் 45,000க்கும் இடையில் உள்ள அந்த 17,000 ரூபாவைத்தான் விளம்பரம் மறைக்கிறது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எல்லாரும் தேடிப் பார்க்கும் பெயர்கள், அவற்றில் கை வைத்தால் உடனே பிடிபடும். மற்றவற்றை யாரும் கேட்பதில்லை, கேட்காத இடத்தில் விலை குறைந்த சாமான் போய் இருந்துகொள்கிறது. ஆகவே பூட்டி வைத்த பிசி பெறுமதியானதா என்று அறிய, விளம்பரத்தில் எழுதியதைவிட எழுதாமல் விட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எழுதாமல் விட்டவை

எழுதாமல் விட்டவை எல்லாம் ஒரே அளவு கேடானவை அல்ல. எஸ்எஸ்டியில் பெரிதாக மனம் நோகத் தேவையில்லை. சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவில் படிக்கும், என்விஎம்ஈ பல ஆயிரம் எம்பி படிக்கும். எண்ணில் வித்தியாசம் பெரிது. ஆனால் கேம் திறக்கும்போது சில நொடிகள்தான் வித்தியாசப்படும்.

ஒற்றைத் துண்டு ரேம் கொஞ்சம் கனமான விஷயம். பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதை உண்டு, ஒரு துண்டு போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். வலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போல பிராசஸரை வேலை வாங்கும் கேம்களில் இது கண்ணுக்குத் தெரியும். ஆனால் திருத்தக்கூடிய குறை, பிறகு அதே வகை இன்னொரு துண்டு வாங்கிச் செருகினால் சரி.

மதர்போர்டில் எச்610 என்றால் 12400எஃப்புக்குப் போதும். இரண்டு ரேம் இடம்தான் இருக்கும், பின்னாளில் பெரிய பிராசஸர் போட்டால் போர்ட் மூச்சு வாங்கும். அதைவிட, போர்டில் பிராசஸர் செருகும் சொக்கெட் எவ்வளவு காலம் ஓடும் என்று பார்ப்பது பயன். இன்டெலின் எல்ஜிஏ1700 சொக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஏஎம்டி 2017இல் முதல் ரைசனோடு பரவலாக்கிய ஏஎம்4 சொக்கெட்டுக்கு 2022இலும் புதிய பிராசஸர் வந்தது. அதற்கு அடுத்து 2022இல் வந்த ஏஎம்5 சொக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் உள்ளவர் இப்போதே ஏஎம்5 பக்கம் பார்க்கலாம். மருமகனுக்கு அந்த எண்ணம் இல்லை, பட்ஜெட்டும் இடம் தரவில்லை.

கிராபிக்ஸ் கார்டில் பெயர் ஒன்றாக இருந்து சரக்கு வேறாக இருப்பதுண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 12ஜிபி கார்டும் இருக்கிறது, பிறகு வந்த 8ஜிபி கார்டும் இருக்கிறது. இரண்டாவதில் நினைவகம் குறைவதோடு அதற்குப் போகும் பாதையும் ஒடுங்கிவிட்டது, கேமில் வேகமும் குறையும். 5060 டிஐயிலும் 8ஜிபி, 16ஜிபி என்று இரண்டு உண்டு. விளம்பரத்தில் ஜிபி எண் இல்லையென்றால் கேட்காமல் காசு கட்டாதீர்கள்.

இனிப் பவர் சப்ளை. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். கேசிங்கோடு வரும் பவர் சப்ளையில் 500 என்று எழுதியிருப்பது பல வேளை ஒட்டிய காகிதத்தின் கணக்கு. கையில் தூக்கிப் பார்த்தாலே நிறையில் தெரியும், வயர் மெலிந்திருக்கும். 4060 கார்ட் 115 வோட்ஸ் இழுக்கும், 12400எஃப் முழு வேலையில் அதே அளவுக்கு வரும், ஆகமொத்தம் 250 வோட்ஸ் பக்கம்தான். அதனால் மலிவுப் பவர் சப்ளையும் முதல் நாள் ஓடும், முதல் மாதமும் ஓடும். கரண்ட் ஏறி இறங்கும்போது என்ன செய்கிறது, கெட்டுப்போகும்போது தான் மட்டும் போகிறதா, மற்றதையும் கொண்டு போகிறதா என்பதில்தான் நல்லதும் மலிவும் பிரியும். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்ட் என்ற முத்திரைகள்கூட எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே சொல்பவை. ஆனாலும் முத்திரையே இல்லாததை விட முத்திரையும் மொடல் பெயரும் ஐந்து வருட வொரண்டியும் உள்ளது மேல்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். 2021இல் கொழும்புக் கடை ஒன்றில் பூட்டி வைத்த பிசி ஒன்று எடுத்தேன். பதினான்காம் மாதம் ஒரு பின்னேரம் மின்விசிறி வேகம் குறைந்து, பல்ப் மங்கி, திரும்பப் பளிச்சென்று எரிந்தது. பிசி அணைந்தது, பிறகு எழும்பவில்லை. பவர் சப்ளையோடு மதர்போர்டும் போயிருந்தது. முழு செட்டுக்கும் ஒரு வருட வொரண்டி, அது முடிந்து இரண்டு மாதம். கிராபிக்ஸ் கார்டைத் தனியாகப் பெட்டியோடு வாங்கியிருந்தால் அதற்கு மட்டும் மூன்று வருடம் கிடைத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கார்ட் நல்ல வேளையாகத் தப்பிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் சேரும் செலவு

யூடியூபில் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருந்து ஒப்பிடுபவர்கள் சொல்லாத சில செலவுகள் நமக்கு உண்டு.

முதலாவது தூரம். கொழும்பில் வாங்கினால் வொரண்டியும் கொழும்பில்தான் இருக்கும். நானூறு கிலோமீற்றர். பிசியை நாமே பூட்டியிருந்தால் கெட்டது எது என்று கண்டு, அதை மட்டும் கழற்றி, அதன் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் பார்சலாகப் போடலாம். பூட்டி வைத்த செட்டை எடுத்தால் பல கடைகளில் முழுப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்வார்கள். கண்ணாடிப் பக்கம் வைத்த கேசிங்கை, உள்ளே கனமான கார்ட் தொங்க, பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் போட்டு அனுப்புவதை நினைத்தாலே வயிறு கலங்கும். இந்த ஒரு காரணத்துக்காக, நாலைந்தாயிரம் கூடினாலும் யாழ்ப்பாணக் கடையில் வாங்குவதை நான் நட்டமாக எண்ணுவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கெட்ட சாமானை அவரே பொறுப்பெடுத்துக் கொழும்புக்கு அனுப்புவாரா, அல்லது இறக்குமதியாளரின் விலாசத்தைத் தந்து நம்மை அனுப்புவாரா?

இரண்டாவது புழுதியும் உப்பும். உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கம் செம்மண். சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னல் திறந்திருக்கும் வீட்டில் அது எதையும் விட்டுவைக்காது. அக்கா வீட்டுப் பழைய கணினியை நான் திறந்தபோது பிராசஸர் விசிறியின் இதழ்களுக்கு இடையில் செம்மண் கம்பளி போலப் படிந்திருந்தது. பவர் சப்ளையின் மூலையில் இரண்டு பல்லி முட்டைக் கோது. குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரத்தில் புழுதி குறைவு, அதற்குப் பதில் உப்புக்காற்று. பின்பக்க ஆணிகள் துருப்பிடிக்கும், ரேம் துண்டின் தொடுமுனை கறுத்துப்போய் ஒருநாள் திரை வராது. கழற்றி, முனையை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

இதற்கும் நம் கேள்விக்கும் என்ன தொடர்பு என்றால், பூட்டி வைத்த பிசிகளில் பல கடைகள் பக்கத் தகட்டில் ஒரு சீல் ஒட்டுகின்றன. சீல் கிழிந்தால் வொரண்டி இல்லை. அதாவது ஒரு வருடத்துக்குக் கேசிங்கைத் திறந்து புழுதி தட்டக்கூட முடியாது. உரும்பிராயில் ஒரு வருடம் தட்டாத கணினி சூடேறி வேகம் குறையும், விசிறி கத்தும். வாங்கும்போதே இதைப் பேசித் தீர்க்காவிட்டால் அந்தச் சீல் ஒரு செலவுதான்.

மூன்றாவது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுக்க ஒரேயடியாகப் போனதே. கரண்ட் போனாலும் சில நிமிடம் தாங்கும் பற்றரிப் பெட்டியான யூபிஎஸ் இல்லாமல் கேமிங் பிசி வாங்குவதை நான் அரைவாசி வாங்கியதாகத்தான் கணக்கெடுப்பேன், பட்ஜெட்டில் அது முதலிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று எர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு. பழைய வீடுகளில் இரண்டு பின் வைத்த வட்டச் சொக்கெட்டில் அடப்டர் போட்டுக் கணினி ஓட்டுவார்கள். அங்கே கேசிங்கின் ஆணியில் விரல் பட்டால் சுள்ளென்று ஒரு கடி தெரியும். எர்த் இல்லாததால் பவர் சப்ளையிலிருந்து கசியும் சிறிய கரண்ட் தகட்டில் நிற்பதே காரணம். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தோடு 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெட் ஒன்று போடுவியுங்கள்.

பூட்டிய ஞாயிறு

நாங்கள் கடைசியில் எடுத்த முடிவு இது. எச்610 போர்டுக்குப் பதிலாக நாலு ரேம் இடம் உள்ள பி760 போர்ட், 9,000 கூட. மொத்தம் 266,000. மிச்சம் 19,000க்கு 850விஏ யூபிஎஸ் ஒன்று. ஆக அதே 285,000 ரூபாவுக்கு நல்ல பவர் சப்ளை, இரட்டை ரேம், என்விஎம்ஈ, நல்ல போர்ட், யூபிஎஸ் எல்லாம் வந்தன. எல்லாச் சாமானையும் ஒரே யாழ்ப்பாணக் கடையில் வாங்கினோம், ஒவ்வொன்றின் தொடர் இலக்கமும் பில்லில் எழுதுவித்தோம். ஒரே கடை என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். திரை வராத அன்று போர்ட் கடைக்காரர் ரேமைக் குறை சொல்வார், ரேம் கடைக்காரர் போர்டைக் குறை சொல்வார்.

ஞாயிறு பின்னேரம் சாப்பாட்டு மேசையில் போர்டின் பெட்டியை விரித்து, அதன்மேல் போர்டை வைத்தான். பிராசஸரின் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தையும் சொக்கெட்டில் உள்ள முக்கோணத்தையும் பொருத்தி, அமத்தாமல் வைக்க வேண்டும். பிறகு நெம்பைக் கீழே இழுக்கும்போதுதான் எல்லாருக்கும் பயம் வரும், உடைகிறதோ என்று தோன்றும் அளவுக்குப் பலம் வேண்டும். இழுத்து முடிக்கையில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி 'டக்' என்று தானாகத் தெறித்து மேசையில் விழுந்தது. அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து "என்னடா உடைஞ்சு போச்சு?" என்றா. இன்டெலின் விசிறிக்கு நாலு கால், எதிரெதிராக அமத்த வேண்டும். மூன்று பிடித்தது, நாலாவது பிடிக்காமல் விசிறி ஒரு பக்கம் தூக்கி நின்றது. கழற்றித் திரும்பப் போட்டோம்.

மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, வெளிச்சம் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. அவனுடைய முகம் விழுந்துவிட்டது. இருபது நிமிடம் ரேமைக் கழற்றிப் போட்டோம், வயர்களை அமத்திப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் மொனிட்டரின் வயரை மதர்போர்டில் செருகியிருக்கிறான். 12400எஃப்பில் அந்த எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, வயர் கார்டில்தான் போக வேண்டும். மாற்றியதும் படம் வந்தது. போர்டின் அமைப்புத் திரையான பயோஸில் ரேமின் வேகம் 2666 என்று காட்டியது, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பியைத் திறந்ததும் 3200க்கு வந்தது. கடையில் பூட்டிய பிசிகளிலும் இந்த ஒன்றைத் திறக்காமலே விற்பது உண்டு, வாங்கினால் பாருங்கள். அப்படியே மொனிட்டர் 144 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாற்றுவது, என்றால் விண்டோஸில் அது 60இல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு விலை போடத்தான் வேண்டும், எல்லாரிடமும் அந்த நேரமும் பொறுமையும் இருக்காது. மருமகனுக்கு அது செலவாக இருக்கவில்லை. பிறகு ஓகஸ்டில் விசிறி ஒன்று சத்தம் போட்டபோது எனக்குப் போன் வரவில்லை. அவனே திறந்து, உரசிய வயரை ஒதுக்கிக் கட்டிவிட்டு, படம் மட்டும் அனுப்பினான்.

பூட்டத் துணிவில்லாதவர்களுக்கு நான் அதிகம் சொல்வது நடுவழி: பட்டியல் உங்களுடையது, பூட்டுவது கடை. சில ஆயிரம் ரூபா கூலி. பெட்டிகளை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லி, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பாருங்கள். வெற்றுப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிவாருங்கள், வொரண்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும். யாழ்ப்பாணத்தில் பத்தில் எட்டுக் குடும்பத்துக்கு இதுதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

பூட்டி வைத்ததே நல்லதாகும் நேரங்கள்

2021இல் நான் பூட்டி வைத்த பிசி எடுத்தது பிழையான முடிவல்ல. அப்போது கிராபிக்ஸ் கார்டுகளைக் கிரிப்டோ தோண்டுபவர்கள், அதாவது அந்தக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பவர்கள், அள்ளிக்கொண்டிருந்தார்கள், தனிக் கார்ட் கேட்டால் கடைக்காரர் சிரித்தார், கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. முழு செட்டாக எடுத்தால்தான் கார்ட் கிடைத்தது. நான் கேட்காமல் விட்டது பவர் சப்ளையின் பெயரை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டல் தேவையில்லாத முறைக்கு மாறியதும் அந்தத் தோண்டல் பெருமளவு நின்றது, தோண்டி உழைத்த கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. அவற்றில் இன்னும் சில சுற்றுகின்றன. பெட்டியும் பில்லும் இல்லாத 3060, 3070 மலிவாக வந்தால் அந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

2025 கடைசியில் அதே நிலை ரேமுக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு நினைவகச் சில்லுகள் போக, நம் போன்றோர் வாங்கும் ரேமின் விலை மளமளவென்று ஏறியது. டிசம்பரில் நினைவகச் சில்லு செய்யும் மைக்ரோன் கம்பனி, நம் போன்றோருக்கு விற்கும் தன் குரூஷியல் பிராண்டின் விற்பனையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இப்படியான காலத்தில் பழைய விலைக்கு ரேம் வாங்கிப் பூட்டி வைத்த செட் கடையில் இருந்தால், அது தனிச் சாமானின் கூட்டுத்தொகையை விடக் குறைவாக இருக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360 பக்கம் ஏறியபோதும் பழைய சரக்கு வைத்திருந்த கடையில் அதேதான் நடந்தது.

பெரிய கம்பனிகளின் சீல் பெட்டிகள் வேறு வகை. அவற்றில் உண்மையான விண்டோஸ் உரிமம் சேர்ந்து வரும், அதற்கும் ஒரு பெறுமதி போட வேண்டும். கடையில் பூட்டும் பிசிகளில் பெரும்பாலும் உரிமம் இல்லாததைத்தான் போட்டுத் தருகிறார்கள். ஆனால் டெல், எச்பி போன்றவற்றின் சில மொடல்களில் மதர்போர்டும் பவர் சப்ளையும் தமக்கென்றே வடிவமைத்தவை. கெட்டால் வெளியில் வாங்கிப் பூட்ட முடியாது.

எடுக்கவே கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஐ7 கேமிங் பிசி" என்று மிக மலிவாக வரும் விளம்பரம். உள்ளே இருப்பது 2013இல் வந்த ஐ7-4770 ஆகவோ, 2011இன் ஐ7-2600 ஆகவோ இருக்கும். வெளிநாட்டு அலுவலகத்தில் கழித்த பெட்டிக்குப் புது வெளிச்சம் பூட்டியிருப்பார்கள். விண்டோஸ் 11 முறையாக ஏற்பது இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான், இவை அதற்கு முந்தியவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. வலரன்ட் விண்டோஸ் 11இல் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், அந்தப் பெட்டிகளில் அது பெரும்பாலும் இராது.

பெறுபேறு வந்து பிள்ளை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கோ பேராதனைக்கோ போகக்கூடும் என்றால் இந்த ஒப்பீட்டையே தள்ளி வையுங்கள். மேசைக் கணினி வீட்டில் நிற்கும், பிள்ளை அங்கே லப்டொப் இல்லாமல் நிற்கும்.

2026 ஜனவரியில் பக்கத்து வீட்டு அன்ரி தன் மகனுக்காக இதே கேள்வியோடு வந்தா. ரேம் விலை ஏறிய நேரம். சாமானைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தோம், டவுனில் ஒரு கடையில் முன்பே பூட்டி வைத்திருந்த 32ஜிபி டிடிஆர்5 செட் குறைவாக வந்தது. அதையே எடுக்கச் சொன்னேன். ஐந்து கேள்வியும் கேட்டோம், நாலுக்கு நல்ல பதில். பவர் சப்ளை பெயரில்லாதது. 9,000 ரூபா கூடக் கொடுத்து அதை 650 வோட்ஸ் பிரான்ஸுக்கு மாற்றுவித்தோம். கடைக்காரர் சீலை எடுத்துக்கொண்டு வந்தபோது செம்மண் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். சீலை மேசையில் வைத்துவிட்டு, பில்லின் அடியில் "சுத்தம் செய்யத் திறக்கலாம், சாமான் கழற்றக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.